சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், மீன்தொட்டியின் கண்ணாடியில் பாசி படிவதைத் தடுப்பது எப்படி என்ற கேள்விக்குப் பதில் எழுதியபோது, கடைகளில் ‘ஓட்டோ’ என்று விற்கப்படும் சிறு மீன் பாசியை மேயும் என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு காரைக்குடி, தேவகோட்டை வட்டாரங்களிலிருந்து கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. ஆகவே இந்த முறை பக்கம் முழுவதும் அந்த மீனுக்கே. கடிதங்களைச் சுருக்கி, ஊர்ப் பெயரை மட்டும் கொடுத்திருக்கிறேன்.

காரைக்குடி வாசகர்: ஐயா, கடைக்காரர் இதை ‘ஓட்டோ’ என்கிறார். என் தம்பியோ, இது ‘டேங்க் கிளீனர்’ மீனின் குஞ்சு, வளர்ந்தால் முழ நீளத்துக்கு வந்துவிடும் என்கிறான். யார் சொல்வது சரி?

கடைக்காரர் சொல்வதே சரி. ஆனால் தம்பியின் சந்தேகமும் காரணம் இல்லாதது அல்ல. இரண்டும் லோரிகாரிடே என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த தென் அமெரிக்க மீன்கள். கெளுத்தி வகையில் வரும் இந்தக் குடும்பத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. வாய் கீழ்நோக்கி உறிஞ்சு வட்டமாக அமைந்திருப்பதும், செதில்களுக்குப் பதிலாக எலும்புத் தகடுகள் உடலைக் கவசமாக மூடியிருப்பதும் இந்தக் குடும்பம் முழுவதற்கும் பொதுவானவை. டேங்க் கிளீனர் என்றும் சக்கர் என்றும் விற்கப்படுவது பெரும்பாலும் டெரிகோப்ளிக்திஸ் பேரினத்து மீன்; அது 40 சென்டிமீட்டருக்கும் மேல் வளரும். ஓட்டோவின் முழுப் பெயர் ஓட்டோசிங்க்ளஸ். அது நன்கு வளர்ந்த பிறகும் 3 முதல் 5 சென்டிமீட்டர்தான்.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. மீன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும்போது பக்கவாட்டில் பாருங்கள். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே, சிறு மொட்டுப் போல இன்னொரு துடுப்பு எழும்பி நின்றால் அது சக்கர் குஞ்சு. ஓட்டோவுக்கு அந்த இடத்தில் எதுவும் கிடையாது. சக்கர் குஞ்சின் முதுகுத் துடுப்பு அகலமாக, பாய்மரம் போல விரியும். உடல் முழுவதும் புள்ளியும் கோடுமாக இருக்கும். கடைகளில் கிடைக்கும் ஓட்டோவுக்கு மூக்கு நுனியில் தொடங்கிக் கண்ணைத் தாண்டி வால் வரை ஒரே கரும்பட்டை ஓடும். அதற்குக் கீழே வயிறு வெளிறியிருக்கும். தொட்டியின் அளவைப் பார்த்து வாங்குகிறவர்கள் இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டுப் பணத்தைக் கொடுப்பது நல்லது.

தேவகோட்டை ஆச்சி ஒருவர்: பேரப்பிள்ளைகளுக்காக ஒன்றரை அடித் தொட்டி வாங்கி, மறுநாளே ஆறு ஓட்டோ மீன்களை விட்டோம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. தீனியும் தவறாமல் போட்டோம். ஒரு வாரத்துக்குள் ஒவ்வொன்றாகச் செத்துவிட்டன. நோய் பிடித்த மீனைக் கடைக்காரர் எங்கள் தலையில் கட்டிவிட்டாரா?

கடைக்காரரை உடனே குறை சொல்லிவிட முடியாது, ஆச்சி. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஓட்டோ, தண்ணீரில் மிதக்கும் தீனியைப் பாய்ந்து கவ்வும் மீன் அல்ல. இலையிலும் கல்லிலும் கட்டையிலும் படரும் மெல்லிய பாசியையும், அந்தப் பாசியோடு சேர்ந்து வளரும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்ப் படலத்தையும் நாள் முழுவதும் சுரண்டித் தின்பது அதன் இயல்பு. பளிச்சென்று துடைத்து வைத்த புதுத் தொட்டி, அதைப் பொறுத்தவரை, அடுப்பே மூட்டாத வீடு. மேலே தூவிய குருணைத் தீனி மற்ற மீன்களுக்குப் போயிருக்கும். அல்லது அடியில் கிடந்து அழுகியிருக்கும்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. தங்க மீனையும் கப்பியையும் போல இது பண்ணையில் வளர்ந்து வருவது அரிது. கடைக்கு வரும் ஓட்டோக்களில் பெரும்பங்கு, பெரு, கொலம்பியா, பிரேசில் போன்ற நாடுகளின் ஆறுகளிலும் ஓடைகளிலும் வலை போட்டுப் பிடிக்கப்பட்டவை. பெரு நாட்டின் அமேசான் பகுதியில் இக்கிட்டோஸ் என்று ஒரு நகரம் இருக்கிறது. நாட்டின் மற்ற பகுதிகளிலிருந்து அதற்குச் சாலை வழி கிடையாது. ஆற்றில் படகு, இல்லாவிட்டால் விமானம். அலங்கார மீன் ஏற்றுமதிக்குப் பெயர் பெற்ற ஊர் அது. அப்படிப்பட்ட இடத்தில் பிடிபட்ட மீன், பிடித்தவரின் தொட்டி, ஏற்றுமதியாளரின் கிடங்கு, விமானப் பை, இறக்குமதியாளரின் தொட்டி, சென்னை மொத்தக் கடை, அங்கிருந்து பேருந்திலோ ரயிலிலோ உங்கள் ஊர்க் கடை என்று கைமாறி வரும்போது, இத்தனை இடங்களிலும் மேய்வதற்குப் பாசி இருந்திருக்காது. உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த நாளிலேயே அவை பல நாள் பட்டினி. பையில் தண்ணீர் அழுக்காகிவிடக் கூடாது என்பதற்காக, பயணத்துக்கு முன் மீனுக்குத் தீனியை நிறுத்துவதும் இந்தத் தொழிலில் வழக்கம்.

மறுநாளே மீன் விட்டதில் மூன்றாவது கெடுதலும் உண்டு. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை, நச்சு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிரிகள் தொட்டியின் மணலிலும் வடிகட்டிப் பஞ்சிலும் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரங்கள் பிடிக்கும். அதற்கு முன்னால் விடப்படும் மீன் தன் கழிவிலேயே வெந்து போகிறது. தெளிந்த தண்ணீரில் அமோனியா இல்லை என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதற்கு நிறம் கிடையாது.

இனி வாங்குவதாக இருந்தால், கடையில் மீன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது அதன் வயிற்றைப் பாருங்கள். உண்டிருக்கும் மீனின் வயிறு இரு பக்கமும் லேசாகப் புடைத்து, உருண்டையாக இருக்கும். பட்டினி கிடந்த மீனின் வயிறு உள்ளே குழிந்து, தகடுகளின் ஓரம் விளிம்பாகத் தெரியும். அப்படிப்பட்டதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். அது சாப்பிடத் தொடங்கினாலும் பல நேரம் பிழைப்பதில்லை. வீட்டில் தொட்டியைத் தயார் செய்யும் அந்த ஆறு வாரங்களிலேயே, ஓர் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, கழுவிய கூழாங்கற்களைப் போட்டு மொட்டை மாடியில் வெயில் படும்படி வைத்துவிடுங்கள். கற்களின் மேல் பச்சைப் பூச்சு படிந்ததும் நாலைந்தை எடுத்துத் தொட்டிக்குள் வைத்து, அவை மொழுக்கென்று ஆனதும் மாடிக்கு அனுப்பி வேறு நாலைந்தை இறக்கலாம். வெள்ளரிக்காய்த் துண்டையோ கீரை இலையையோ கொதிநீரில் ஒரு நிமிடம் வாட்டி, மிதக்காதபடி கல்லில் கட்டிப் போட்டாலும் பழகிய மீன்கள் வரும்; ஒரு நாளுக்கு மேல் அதைத் தண்ணீரில் விட்டுவைக்கக் கூடாது. உதிர்ந்து காய்ந்த வாதாமர இலையை ஊறப்போட்டால் அதன் மேல் படியும் படலத்தையும் விரும்பி மேயும். எண்ணிக்கையில் ஆறு என்பது நல்ல தேர்வுதான். தனியாக விட்டால் இது ஒளிந்தே கிடக்கும்.

கானாடுகாத்தான் வாசகர்: இதைச் சமைத்துச் சாப்பிடலாமா?

எலும்புத் தகட்டுக்குள் இருக்கும் சதை ஒரு கவளத்துக்குக் காணாது. அயிரைக் குழம்புக்கு இது ஈடாகாது, விட்டுவிடுங்கள்.

புதுவயல் வாசகர்: எங்கள் வீட்டு ஓட்டோ மீன்கள் திடீரென்று அம்பு போல மேலே பாய்ந்து, தண்ணீர் மட்டத்தில் ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு அதே வேகத்தில் கீழே போகின்றன. மூச்சுத் திணறுகிறதா?

எப்போதாவது ஒன்று மட்டும் செய்தால் கவலைப்பட வேண்டியதில்லை. செவுள் மட்டும் போதாத நேரத்தில் வெளிக்காற்றையும் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு இந்த மீனுக்கு உண்டு. விழுங்கிய காற்று போய்ச் சேர, உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடம் வளையமாக விரிந்து ஒரு பை போல அமைந்திருக்கிறது. அது மூச்சுக்கும் உதவுகிறது. மீனின் எடையைத் தண்ணீரில் தாங்கிக்கொள்ளவும் உதவலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இந்தக் குடும்பத்தின் வேறு சில மீன்கள் இரைப்பையையே இதற்குப் பயன்படுத்துகின்றன. நம் கண்மாய் மீன்களிலும் இந்தக் கலை உண்டு: விராலுக்குச் செவுளுக்கு மேலே தனி அறை; தேளிக்கு முதுகுப் பக்கம் நீளும் காற்றுப் பைகள்; அயிரையின் உறவுக்கார மீன்கள் சில, குடலாலேயே காற்றிலிருந்து உயிர்வளியை எடுக்கின்றன. விரால் மேலே வந்தே தீர வேண்டும். வலையில் மூழ்கடித்து வைத்தால் நீருக்குள்ளேயே மூச்சடைத்துச் சாகும். ஓட்டோவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தேவைப்பட்டால் மட்டும் வரும்.

ஆனால் எல்லா மீன்களும் அடிக்கடி மேலே வருகின்றன என்றால், தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று பொருள். சித்திரை, வைகாசியில் நம் பக்கத்தில் இது நடக்கும். 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் 8.3 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது 7.6 ஆகிவிடும். எண்ணைப் பார்த்தால் சின்ன வேறுபாடுதான், ஆனால் அதே வெப்பம் மீனின் உடல் இயக்கத்தையும் விரைவுபடுத்தி ஆக்சிஜன் தேவையைக் கூட்டிவிடுகிறது என்பதால் இரண்டு பக்கமும் இழுக்கிறது. தொட்டியின் மூடியை எடுத்துவிட்டுச் சிறு மின்விசிறியை நீர்மட்டத்தின் மேல் காற்று வீசும்படி வையுங்கள். ஆவியாகும் நீர் வெப்பத்தை இரண்டு மூன்று டிகிரி இறக்கும். காற்றுக் குமிழி மோட்டாரை இரவிலும் நிறுத்தாதீர்கள். செடி உள்ள தொட்டியில் ஆக்சிஜன் மிகக் குறைவது விடியலுக்குச் சற்று முன்புதான்.

பள்ளத்தூர் கல்லூரி மாணவி: இந்த மீன் இனத்தில் ஒன்று, வேறொரு மீனைப் போல வேடம் தரித்து வாழ்வதாக வகுப்பில் கேள்விப்பட்டேன். உண்மையா? அதனால் அதற்கு என்ன பயன்?

இந்த மாதம் வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். உண்மையே. பராகுவே நாட்டில் வாழும் ஓட்டோசிங்க்ளஸ் மிமுலஸ் என்பதே அந்த இனம். இதை 2003-ஆம் ஆண்டில் ஆக்சன்ராட், குல்லாண்டர் என்னும் இரு ஆய்வாளர்கள் முதன்முதலாக விவரித்துப் பெயரிட்டார்கள். அவர்கள் அந்த ஒரே கட்டுரையில் இரண்டு புதிய மீன்களை அறிமுகப்படுத்தினார்கள் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. இரண்டாவது மீன் கோரிடோரஸ் டைஃபைஸ். ஒன்று லோரிகாரிடே குடும்பம். மற்றொன்று காலிக்திடே என்னும் வேறு குடும்பம். இரு குடும்பங்களுக்கும் தூரத்து உறவு உண்டென்றாலும், மேலே ஓடும் கறைகளும் உடலின் அளவும் இவ்வளவு ஒத்துப்போவதற்கு அந்த உறவு காரணமாக முடியாது. ஒன்று மற்றொன்றைப் பார்த்துச் செய்த நகல் என்பதே அவர்கள் கொண்ட முடிவு.

யார் யாரை நகலெடுத்தார்கள் என்பதை முள்ளைக் கொண்டு சொல்லலாம். கோரிடோரஸ் மீன்களின் முதுகுத் துடுப்பிலும் மார்புத் துடுப்புகளிலும் முன்வரிசையில் ஒரு கூரிய முள் இருக்கிறது. ஆபத்து வந்தால் அந்த மூன்று முட்களையும் விரித்து, மடங்காதபடி பூட்டிக்கொள்ளும். அவற்றின் அடியில் நச்சுச் சுரப்பிகளும் உண்டு. கண்மாய் அழிந்து ஊரே மீன் பிடிக்க இறங்கும் நாளில், சேற்றில் கைவிட்டுக் கெளுத்தியின் முள்ளை வாங்கியவர்களுக்கு அந்த வலி எவ்வளவு நேரம் நிற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒரு மீனை ஒருமுறை விழுங்க முயன்ற பெரிய மீனோ, கொத்திய பறவையோ, அடுத்த முறை அதே நிறக்கோலத்தைக் கண்டால் ஒதுங்கிப் போகும். ஓட்டோவுக்கு உடல் கவசம் உண்டு, துடுப்பில் முள்ளும் உண்டு. ஆனால் கோரிடோரஸ் அளவுக்கு வினையான ஆயுதம் கிடையாது. ஆயுதம் இல்லாதவர் ஆயுதக்காரரின் உடுப்பை அணிந்து அவர் கூட்டத்துக்குள் நடமாடினால் கிடைக்கும் பாதுகாப்புதான் இதன் பயன்.

இந்த வகை வேடத்துக்கு உயிரியலில் பேட்ஸியன் போலி என்று பெயர். இங்கிலாந்தைச் சேர்ந்த ஹென்றி வால்டர் பேட்ஸ் 1848-இல் அமேசானுக்குப் போய் 11 ஆண்டுகள் தங்கிப் பூச்சிகளைச் சேகரித்தார். பறவைகளுக்குச் சுவை பிடிக்காத வண்ணத்துப்பூச்சிகளைப் போலவே, சுவையுள்ள வேறு வண்ணத்துப்பூச்சிகளும் இறக்கைக் கோலம் கொண்டிருப்பதைக் கவனித்து 1862-இல் அதற்கு விளக்கம் எழுதினார். டார்வினின் இயற்கைத் தேர்வுக் கொள்கை வெளிவந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில் அதற்குக் கிடைத்த வலுவான சான்றுகளில் ஒன்று அது. பேட்ஸ் பூச்சிகளில் கண்டதற்கு, அதே கண்டத்தின் ஓடைகளில் மீன்களிடம் எடுத்துக்காட்டு கிடைத்திருக்கிறது.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. போலியின் எண்ணிக்கை அசலைவிடக் கூடிவிட்டால் வேடம் பலிக்காது. பகைவர்கள் போலி மீனையே அடிக்கடி கவ்வ நேர்ந்து, அந்தக் கோலம் அச்சத்துக்கு உரியதல்ல என்று கற்றுக்கொண்டுவிடும். ஆகவே போலி எப்போதும் அசலைச் சார்ந்தே வாழ வேண்டியிருக்கிறது. அசல் அழிந்த ஓடையில் வேடத்துக்கு மதிப்பில்லை. ஒரு மீனை மட்டும் தனியாகக் காப்பாற்றிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்த இரட்டை மீன்களைத்தான் நான் காட்டுவேன்.

வேடம் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் வாயை மாற்ற முடியவில்லை. மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்தால் குழம்பலாம். கண்ணாடியின் வெளியிலிருந்து அடிப்பக்கத்தைப் பார்த்தால் குழப்பமே இல்லை. கோரிடோரஸின் வாயோரத்தில் சிறு மீசைகள் தொங்கும், மணலைத் துழாவித் தின்னும். ஓட்டோவின் வாய் வட்டமாகக் கண்ணாடியில் அப்பிக்கொள்ளும், உள்ளே நுண்ணிய பற்கள் மேலும் கீழும் அசைந்து சுரண்டுவது தெரியும்.

கண்டனூர் வாசகர்: ஒரே பையில் வாங்கிய எங்கள் மீன்களில் சிலவற்றுக்கு வாலடியில் வட்டமான கரும்புள்ளியும், சிலவற்றுக்குச் சிறிய கறையும் இருக்கின்றன. ஆண், பெண் வேறுபாடா?

இல்லை, அவை வேறு வேறு இனங்களாக இருக்க வாய்ப்பு அதிகம். ஓட்டோசிங்க்ளஸ் பேரினத்தில் ஏறத்தாழ 20 இனங்கள் உண்டு. வலையில் விழுந்தவை எல்லாம் ஒரே பையில் ஒரே பெயரில் வந்துவிடுகின்றன. வாலடியில் பெரிய புள்ளி உள்ளது மாக்ரோஸ்பிலஸ் என்னும் இனமாக இருக்கலாம். அதை 1942-இல் வெளிவந்த நூலில் ஐகன்மன், ஆலன் இருவரும் விவரித்தார்கள். அவர்களில் ஐகன்மன் 1927-லேயே காலமாகிவிட்டார் என்பதால் தன் பெயர் அச்சில் வந்ததை அவர் பார்க்கவில்லை. மெலிந்த பட்டை கொண்டது விட்டாட்டஸ் ஆகலாம். லண்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ரீகன் 1904-இல் பெயரிட்ட அந்த இனம் அமேசான், ஓரினோகோ, பராகுவே என்று பல ஆற்றுப் படுகைகளில் பரவியிருக்கிறது. பழைய மீன் வளர்ப்புப் புத்தகங்களில் கடை ஓட்டோவுக்கு எல்லாம் ‘அஃபினிஸ்’ என்று பெயர் போட்டிருப்பார்கள். உண்மையான அஃபினிஸ் தென்கிழக்குப் பிரேசிலைச் சேர்ந்த வேறு மீன், கடைக்கு வருவதே அபூர்வம்.

பேரினத்துக்குப் பெயர் வைத்தவர் அமெரிக்கரான எட்வர்ட் டிரிங்கர் கோப். டைனோசர் எலும்புகளைத் தோண்டுவதில் போட்டி போட்டுப் புகழ் பெற்ற அதே கோப்தான். பெரு நாட்டு ஓடையிலிருந்து வந்த ஒரு சிறு மீனை வைத்து 1870-களின் தொடக்கத்தில் அவர் தொடங்கிய கணக்கை, 1997-இல்தான் ஷேஃபர் என்பவர் பேரினம் முழுவதையும் மறு ஆய்வு செய்து ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகும் புதிய இனங்கள் வந்துகொண்டேயிருக்கின்றன. 2004-இல் பெருவின் உக்காயாலி ஆற்றுப் பகுதியிலிருந்து வரிக்குதிரைக் கோடுகளோடு ஒன்று வந்தது. அங்கு வாழும் கோக்காமா பழங்குடியினரின் பெயரை அதற்கு வைத்தார்கள். 2006-இல் வந்த இனத்தின் வாலில் உள்ள கறை, படக்கதை நாயகன் பேட்மேனின் வௌவால் சின்னம் போலிருந்ததால் ‘பேட்மேனி’ என்று பெயர்; அறிவியல் பெயர் சூட்டுகிறவர்களுக்கும் குறும்பு உண்டு.

ஆனால் இந்தக் கட்டுரைகளில் பெரும்பாலானவை தகடுகளை எண்ணி, துடுப்புக் கதிர்களை எண்ணி, எலும்பை அளந்து எழுதப்பட்டவை. மீன் எப்போது இணை சேர்கிறது, எதைக் கண்டு அஞ்சுகிறது என்பது போன்ற செய்திகளில் பல, வீட்டுத் தொட்டி வைத்திருப்பவர்கள் பார்த்துச் சொன்னவை. ஆகவே உங்கள் தொட்டியில் எந்தப் புள்ளி உள்ள மீன் எந்தப் புள்ளி உள்ள மீனோடு சேர்ந்து ஓய்வெடுக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வீண் வேலை அல்ல.

நீங்கள் கேட்ட ஆண், பெண் வேறுபாடு: மேலிருந்து பார்த்தால் பெண் மீன் சற்றுப் பெரிதாகவும் அகன்றும் தெரியும். மிகச் சிறிய, ஒட்டும் தன்மையுள்ள முட்டைகளை இலையிலும் கண்ணாடியிலும் இடும். பிறகு தாயோ தந்தையோ திரும்பிப் பார்ப்பதில்லை.

கோத்தமங்கலம் வாசகி: இந்த மீனுக்கு மென்மையான தண்ணீர் வேண்டும் என்கிறார்கள். எங்கள் கிணற்று நீர் சோப்பு நுரைக்காத உப்பு நீர். எங்கள் பழைய வீட்டு முற்றத்தில் மழை பெய்யும்போது ஓட்டுக் கூரையிலிருந்து விழும் நீரை அண்டாவில் பிடிப்பது எங்கள் ஐயா காலத்து வழக்கம். அதைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், இரண்டு எச்சரிக்கைகளோடு. இவை வாழும் ஓடைகளின் நீரில் கரைந்த உப்புகள் மிகக் குறைவு. ஆகவே மழைநீர் உங்கள் கிணற்று நீரைவிட அதற்கு நெருக்கமானது. ஆனால் மழைநீரில் தாது உப்பு ஏறக்குறைய எதுவுமே இல்லாததால் அதை மட்டும் ஊற்றினால் அமில காரத் தன்மை நிலையில்லாமல் திடீரென்று சரியும். மூன்று பங்கு மழைநீரில் ஒரு பங்கு கிணற்று நீரைக் கலந்து தொடங்குங்கள். கடையில் கிடைக்கும் சோதனைத் தாளை நனைத்து, அந்தத் தன்மையைக் குறிக்கும் பிஎச் அளவு 6.5-க்கும் 7.5-க்கும் இடையே நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பருவத்தின் முதல் மழையை விட்டுவிடுங்கள். கோடை முழுவதும் ஓட்டில் படிந்த தூசியும் பறவை எச்சமும் அதில்தான் இறங்கும்.

இரண்டாவது எச்சரிக்கைதான் முக்கியம். உங்கள் வீட்டு அண்டா பித்தளையாகவோ செம்பாகவோதான் இருக்கும். மனிதருக்குச் செம்புக் குடத்து நீர் நல்லது என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். மீனுக்கு அது நஞ்சு. செம்பு மிகச் சிறிய அளவில் கரைந்தாலே மீனின் செவுளைத் தாக்கும், மீன் மேய வேண்டிய பாசியையும் கொல்லும். கடின நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து அந்த நச்சை ஓரளவு தடுக்கும். மழைநீர் போன்ற மென்னீரில் அந்தத் தடுப்பும் இல்லை. ஆகவே மழை நின்ற உடனே நீரைப் பீங்கான் சாடிக்கோ பிளாஸ்டிக் டிரம்முக்கோ மாற்றிவிடுங்கள். இன்னும் நல்லது, முதலிலிருந்தே கூரை நீரை அவற்றிலேயே பிடிப்பது. மீன் மருந்து வாங்கும்போதும் சீசாவில் காப்பர் சல்பேட் என்று எழுதியிருந்தால் ஓட்டோ உள்ள தொட்டியில் ஊற்றாதீர்கள்.

ஆத்தங்குடி வாசகர்: மகன் வெளியூருக்குப் படிக்கப் போகிறான், தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. எங்கள் ஊருணியில் பாசி மண்டிக் கிடக்கிறது. ஓட்டோ, சக்கர் எல்லாவற்றையும் அதில் விட்டால் மீனும் பிழைக்கும், ஊருணியும் சுத்தமாகும் என்று எங்கள் அப்பத்தா சொல்கிறார். செய்யலாமா?

அப்பத்தாவின் இரக்கம் புரிகிறது. ஆனால் இதைச் செய்யவே கூடாது. ஓட்டோ அங்கே பெரும்பாலும் பிழைக்காது. விராலும் நீர்க்காகமும் உள்ள திறந்த நீரில் அது சில நாள் தாங்கினாலே அதிகம். நான் அஞ்சுவது சக்கர் மீனை நினைத்து. அது பிழைக்கும், பிழைப்பதோடு நிற்காது. ஆண் மீன்கள் முட்டைக்காகக் கரையில் ஒரு மீட்டர் ஆழம் வரைகூட வளை தோண்டும். மண்கரை உள்ளே பொந்து விழுந்து சரியும். காற்றை விழுங்கி மூச்சு விடுவதால், நீர் வற்றி மற்ற மீன்கள் சாகும் நிலையிலும் ஈரச் சேற்றில் கிடந்து தாக்குப்பிடிக்கும். அதன் முள்ளும் தகடும் வலையைக் கிழிக்கும்; நம் ஊரில் விலை போகாது. தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம் உட்பட நாட்டின் பல மாநில நீர்நிலைகளில் இது ஏற்கெனவே பரவிவிட்டது. அத்தனையும் யாரோ தொட்டியிலிருந்து கொண்டுபோய் விட்டதன் தொடர்ச்சி. ஊருணியில் மண்டிய பாசிக்குக் காரணம், உள்ளே வந்து சேரும் சாக்கடையும் சோப்பு நீரும். அந்தச் சத்து உள்ளே வரும் வரை எந்த மீனை விட்டாலும் பாசி குறையாது. தின்ற பாசி கழிவாக அதே நீருக்குத்தானே திரும்புகிறது?

கொசுவுக்காகக் கிணற்றில் விடும் கப்பி மீன் மட்டும் வெளிநாட்டு மீன் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். கப்பியும் தென் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியைச் சேர்ந்ததுதான். மூடிய தொட்டியிலும் வரத்து இல்லாத கிணற்றிலும் அதை விடுவதற்கும், மழையில் நிரம்பி மறுகால் பாயும் ஊருணியில் விடுவதற்கும் வேறுபாடு உண்டு. ஊருணிக்குக் கொசுப்புழு தின்னும் மீன் வேண்டுமென்றால், தலை உச்சியில் வெள்ளிப் பொட்டு மின்ன நீர்மட்டத்தை ஒட்டி நீந்தும் நம் ஊர்ச் சிறு மீன் போதும். பக்கத்து வயல் வாய்க்காலிலேயே கிடைக்கும்.

உங்கள் மீன்களைக் காரைக்குடியில் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். பணம் கிடைக்காவிட்டாலும் பலர் வாங்கிக்கொள்வார்கள். ஓட்டோவை, குறைந்தது ஓராண்டாகச் செடி வளர்ந்து நிற்கும் தொட்டி உள்ள வீட்டுக்குக் கொடுங்கள். தொட்டியைக் காலி செய்யும் நீரையும் ஊருணிக்குப் போகும் வரத்துக்காலில் ஊற்ற வேண்டாம். அதில் செடித் துண்டும் நத்தை முட்டையும் போய்ச் சேரும். தென்னைக்கோ வாழைக்கோ ஊற்றிவிடுங்கள்.